பனி பெய்யாத ஊருக்கு வந்த பனிக்காலம்

1970, 80கள்ல தமிழ்ல மலிவா கிடைச்ச வண்ணப் படப் புத்தகங்கள் நிறைய மாஸ்கோவில் அச்சானவை. முதல்ல முன்னேற்றப் பதிப்பகம், 1982-க்கு அப்புறம் ராதுகா. 'ராதுகா'ன்னா ரஷ்ய மொழியில வானவில். இங்கே விற்றது நியூ செஞ்சுரி புக் ஹவுஸ். சோவியத் அரசு செலவைத் தாங்கியதால்தான் அந்த விலை. 1991-ல் அந்த நாடே கலைந்தது, புத்தக வரத்தும் நின்றது.

அந்தப் படங்களின் அழகை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனா அதுல பருவம்னா உறைபனி, கரடி, காளான். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில. தொல்காப்பியத்தின் கார்காலமே ஆவணி, புரட்டாசிதான். அதுகூட இந்த ஊருக்குச் சரியாப் பொருந்தாது! ஆக, இங்கே வளர்ற குழந்தை தன் வாசல்ல நடக்கிற பருவத்தை எந்தப் பக்கத்துல பார்க்கும்?

சென்னையில் 1994-ல் தாரா, 1996-ல் தூலிகா வந்த பிறகு நம்ம மரமும் மண்ணும் படங்களுக்குள்ள வந்துச்சு. நல்ல மாற்றம். ஆனா எனக்கு ஆசை இன்னும் குறுகலானது: இந்த ஒரே ஊருக்கு ஒரு புத்தகம். பெரியாழ்வாரின் நந்தவனம். ஆண்டாளுக்கு தினமும் இலைகளால் கட்டுற கிளி, அதுக்கு மாதுளம்பூ அலகு. 1988-ல் சரணாலயம் கிடைச்ச சாம்பல் நிற அணில், செண்பகத்தோப்புல கிளைக்குக் கிளை தாவுறது. கடைசிப் பக்கத்துல, ஐப்பசி மழையில மலையிலிருந்து இறங்குற ஓடை.