பித்தளைக் குடமும் மண்பானையும்

எங்க ஆயா சாகிற வரைக்கும் மண்சட்டியில்தான் சோறாக்கினாள். பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துக் காலனி வீடுகளில் எவர்சில்வர் நிரம்பிய பிறகும் மாறவில்லை. கேட்டால், "பழகிப்போச்சிடா" என்பாள். காரணத்தை ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள். கல்யாணமாகி வந்த புதுசில், தாய்வீட்டில் கொடுத்த பித்தளைக் குடத்தோடு தண்ணிக்குப் போயிருக்கிறாள். "பறச்சிக்குப் பித்தளைக் குடம் கேக்குதா?" என்று ஒருத்தன் பிடுங்கிப் பாறையில் அடித்து நசுக்கிவிட்டான்.

இது ஏதோ ஒரு முரடன் செய்த வேலை என்றுதான் நினைத்திருந்தேன். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு விதித்த எட்டுத் தடைகளைப் படித்தபோதுதான் உறைத்தது. ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி போடக்கூடாது, சட்டை போடக்கூடாது, குடை, செருப்பு ஆகாது, பெண்கள் ரவிக்கை போடக்கூடாது. அந்த வரிசையிலேயே, வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு புழங்கக்கூடாது என்றும் இருக்கிறது. அகமதாபாத் மாவட்டத்தின் ஜானு கிராமத்தில் 1935 நவம்பரில் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்த தீண்டப்படாத பெண்கள் தாக்கப்பட்டதை அம்பேத்கர் எழுதுகிறார். பேஷ்வாக்களின் பூனாவில் நம்மவர்கள் எச்சில் துப்பக் கழுத்தில் கட்டித் திரிந்ததும் மண்கலயம்தான்.

ஆக, மண்பாண்டம் நமக்கு வறுமையால் மட்டும் வந்ததல்ல, விதிக்கப்பட்டது. இன்றைக்கு 'மண்பானைச் சமையல்' என்று போர்டு மாட்டிக் கூடுதல் காசு வாங்குகிறார்கள். வாங்கட்டும்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றில் இதற்கு நேர்மாறான ஒரு பானை இருக்கிறது. தென் கரோலினாவின் எட்ஜ்ஃபீல்டில், 1800 வாக்கில் பிறந்த டேவ் என்ற அடிமை பெரும் ஜாடிகள் வனைந்தான். உப்புக்கண்டமும் கொழுப்பும் போட்டுவைக்கும் ஜாடிகள். 1859இல் வனைந்தவற்றில் நாற்பது காலன், அதாவது நம்ம கணக்கில் சுமார் 150 லிட்டர் பிடிக்கும். அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது குற்றம் என்று அந்த மாநிலம் சட்டம் போட்டது 1834இல். அதே வருஷத்திலிருந்தே அவன் ஈரமண்ணில் தேதியும் இரண்டடிப் பாட்டும் கீறியிருக்கிறான். பிரிந்துபோன சொந்தபந்தத்தைத் தேடுகிற பாட்டு ஒன்றும் உண்டு. ஆண்டை லூயிஸ் மைல்ஸின் முதலெழுத்துகளும் டேவ் என்ற பெயரும் ஒரே ஜாடியில் நிற்கின்றன. ஒன்று உடைமை, மற்றது உழைப்பு. விடுதலைக்குப் பிறகு, 1870 குடிக்கணக்கில் டேவிட் டிரேக் என்று முழுப்பேரோடு வருகிறான். 2021இல் அவன் ஜாடி ஒன்று 15 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. 2025இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் இரண்டு ஜாடிகளை வாரிசுகளுக்குத் திருப்பிக் கொடுத்தது.

டேவை அப்படியே தூக்கிவந்து இங்கே ஒட்டவைக்க முடியாது. இங்கே பானை வனைந்தவர்கள் குயவர்கள். சேரி வனையவில்லை, வாங்கிப் புழங்கியது. கீழடி ஓடுகளில் ஆதன், குவிரன் ஆதன் என்று பெயர்கள் கிடைத்ததைக் கொண்டாடுகிறோம். நல்லதுதான். ஆனால் அப்படிக் கீறிய பெயர்களைப் பெரும்பாலும் பானைக்கு உடையவர் பெயராகவே கொள்கிறார்கள். மண் பிசைந்த கைக்கும், அந்தப் பானையில் தண்ணி சுமந்த இடுப்புக்கும் பேரில்லை.

1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம் அடிமை முறைக்கான சட்ட ஏற்பை நீக்கியது. எங்க தாத்தா அதற்கப்புறம் நூறு வருஷம் கழித்தும் படியாள்தான். கடனுக்குக் கட்டுப்பட்ட ஆள். கொத்தடிமைச் சட்டம் 1976இல் வந்தது.

நசுங்கிய குடத்தை அவர் பழைய பாத்திரக்காரனிடம் எடைக்குப் போட்டுவிட்டார். அதில் ஆயாவின் பேர் வெட்டியிருந்ததாம். கடைக்காரன் ஒரு எழுத்தைத் தப்பாக வெட்டிவிட்டான் என்று கடைசிவரை குறைபட்டுக்கொண்டிருந்தாள். எந்த எழுத்து என்று கேட்டேன். "எனக்கென்னடா தெரியும், எங்கண்ணன் படிச்சிட்டுச் சொன்னான்" என்றாள்.