நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "சரித்திரம் பத்தி ஏதாவது எழுதிக் குடுப்பா. கல்லூரிச் சரித்திரம் மட்டும் வேணாம், அதை ஏற்கெனவே நாலு பேர் எழுதிட்டாங்க" என்றார் செயலாளர். எனக்கு ஓரளவு ஒழுங்காகத் தெரிந்த சரித்திரம் இரண்டுதான். ஒன்று எஃகு, மற்றொன்று ஸ்நூக்கர். முதலாவது எனக்குச் சோறு போட்டது. நடுவில் ஒரு தடவை போடாமலும் விட்டது. இரண்டாவது காலணா தந்ததில்லை. ஆனாலும் நாற்பது வருடமாக விடவில்லை. அதைப் பற்றியே எழுதுகிறேன்.

நம் ஹாஸ்டலில் ஸ்நூக்கர் மேஜை ஏது? காமன் ரூமில் இருந்தது ஒரு கேரம் போர்டு, அதற்கும் ஒரு ஸ்டிரைக்கர் எப்போதும் காணாமல் போயிருக்கும். கேரம் தெரிந்தவருக்கு ஸ்நூக்கர் புரிவது சுலபம். மேஜை பன்னிரண்டடி நீளம், ஆறடி அகலம். சிவப்புப் பந்துகள் 15, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மஞ்சள் முதல் கறுப்பு வரை வண்ணப் பந்துகள் ஆறு, 2 முதல் 7 புள்ளி வரை. ஒரு சிவப்பைப் போட்டால்தான் ஒரு வண்ணத்துக்கு உரிமை. நாம் 'ரெட்' போட்டுவிட்டு ஃபாலோ போடுவோமே, அதைத் திருப்பிப் போட்ட மாதிரி. போட்ட வண்ணப் பந்தை எடுத்து மறுபடி மேஜையில் வைப்பார்கள். எல்லாச் சிவப்புக்கும் கறுப்பையே போட்டு, கடைசியில் மேஜையைத் துடைத்துவிட்டால் 147.

கேரமுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. எதிராளி ஆடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் எழுந்து சுற்றி வரக்கூடாது. மூலையில் ஒரு நாற்காலி, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். அங்கே போய் உட்கார்ந்துவிட வேண்டும். அவர் தவறும்வரை உங்களுக்கு வேலையே இல்லை. இந்த நாற்காலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆட்டம் பிறந்தது இங்கிலாந்தில் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. 1875-ல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில், மழைக்காலப் பொழுது போகாமல், நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி பழைய பில்லியர்ட்ஸ் ஆட்டம் ஒன்றோடு கூடுதல் வண்ணப் பந்துகளைச் சேர்த்துப் பார்த்தார். (பின்னாளில் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள்.) ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் முதலாண்டு மாணவனைக் கேலியாக 'ஸ்நூக்கர்' என்பார்களாம். ஒருவர் சுலபமான பந்தைத் தவறவிட, சேம்பர்லின் அந்தப் பெயரால் அழைக்க, ஆட்டத்துக்கே பெயராகிவிட்டது. நம்ம ஊர் ராகிங் சொல் ஒன்று உலக விளையாட்டின் பெயரானால் எப்படி இருக்கும்? அதே கதைதான். பிறகு அவர் உதகமண்டலம் வந்தார். 1882-ல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் விதிகளை எழுதி மாட்டினார்கள். ஆக, ஜபல்பூரில் பிறந்து, நீலகிரியில் சட்டதிட்டம் பெற்று, கப்பலேறிப் போன ஆட்டம் இது.

நானும் போனேன். 1983-ல் உலோகவியல் முடித்து, அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் மேற்படிப்புக்காக ஷெஃபீல்டில் இறங்கினேன். உலோகவியல்காரனுக்கு அது காசி மாதிரி. 1740-களில் ஹன்ட்ஸ்மன் மூசையில் எஃகு உருக்கிய ஊர். 1913-ல் பிரியர்லி துருப்பிடிக்காத எஃகு கண்ட ஊர். அந்த மூசையின் ஆங்கிலப் பெயரைத்தான் நகர நடுவே 1971-ல் திறந்த நாடக அரங்குக்கு வைத்திருந்தார்கள்: க்ரூசிபிள். நம் பக்கத்து இரும்புக் கொல்லர்கள் அதற்கும் பல நூற்றாண்டு முன்பே மூசையில் உருக்கு வார்த்தவர்கள் என்பதால், பெயர்ப் பலகையைப் பார்த்ததும் எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம். உள்ளே நாடகம்தான் நடக்கும் என்று நினைத்தேன்.

உடன் தங்கியிருந்த நம் கல்லூரி சீனியர் அண்ணன்தான் விஷயத்தைச் சொன்னார். மைக் வாட்டர்சன் என்ற ஏற்பாட்டாளரின் மனைவி அங்கே ஒரு நாடகம் பார்க்கப் போய், "உங்கள் ஸ்நூக்கருக்கு இது சரியான இடம்" என்று வீட்டில் வந்து சொல்ல, 1977 முதல் உலக சாம்பியன்ஷிப் அங்கேதான். வருடா வருடம் 17 நாள். சுமார் 980 இருக்கைகள், மேடையின் மூன்று பக்கமும் ஜனங்கள். அரையிறுதிக்கு முன்பு வரை நடுவில் ஒரு தடுப்பு, இரு பக்கமும் ஒவ்வொரு மேஜை. தடுப்புக்கு அந்தப் பக்கம் கைதட்டல் கேட்கும், என்ன நடந்தது என்று தெரியாது. ஃபைனல் மட்டும் 35 ஃப்ரேம், 18 ஜெயித்தவர் சாம்பியன். நம்ம டெஸ்ட் மேட்ச் பார்த்தவர்களுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல.

1984 வசந்தத்தில் ஒரு காலிறுதி செஷனுக்குச் சீட்டு கிடைத்தது. ஒரு பக்கம் கனடாவின் கிளிஃப் தோர்பர்ன், முந்தைய ஆண்டு அதே அரங்கில் முதல் 147 போட்டவர். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு யோசனை. மறுபக்கம் லண்டன் பையன் ஜிம்மி வைட், இடக்கையர். பட்டப்பெயர் 'சுழற்காற்று'. தோர்பர்ன் சாக்பீஸ் தேய்ப்பதற்குள் ஜிம்மி மூன்று பந்து போட்டிருப்பார். பிறந்தது 1962 மே 2. நான் அதே வருடம் ஆனி மாதம். அவ்வளவுதான், என் ஆள் யார் என்று தீர்மானமாகிவிட்டது.

அண்ணனுக்கு ஆள் ஸ்டீவ் டேவிஸ். "ஜெயிக்கிறவனைப் பிடிச்சுக்க தம்பி, ராத்திரி தூக்கமாவது வரும்" என்பார். அந்த ஃபைனலில் டேவிஸ் 12-4 என்று முன்னால் போனார். ஜிம்மி துரத்தோ துரத்தென்று துரத்தி, 18-16-ல் தோற்றார். வயசு இருக்கு, அடுத்த தடவை பார்த்துக்கலாம் என்றேன்.

அடுத்த ஆண்டு அண்ணனின் தூக்கமும் போயிற்று. டென்னிஸ் டெய்லரை எதிர்த்து டேவிஸ் 8-0. அந்த எட்டு ஃப்ரேமும் டெய்லர் நாற்காலியில் உட்கார்ந்து தன் அகலக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். 17-17. கடைசி ஃப்ரேம் மட்டும் 68 நிமிடம். நள்ளிரவு தாண்டி, பிரிட்டனில் 1 கோடியே 85 லட்சம் பேர் விழித்திருக்க, கடைசிக் கறுப்பைப் போட்டு டெய்லர் ஜெயித்தார். இரண்டு நாள் ஃபைனலில் அவர் முன்னிலைக்கு வந்தது அந்த ஒரு பந்தில்தான். அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் விளக்கை அணைத்தார்.

படிப்பு முடிந்து நான் ஊர் திரும்பினேன். ஒரு வார்ப்பாலையில் வேலை, கல்யாணம், குழந்தை. அண்ணன் அங்கேயே தங்கிவிட்டார். ஒவ்வொரு ஆண்டும் ஃபைனலை வீடியோ கேசட்டில் பதிவு செய்து யாரிடமாவது கொடுத்தனுப்புவார். 1990: ஜிம்மி ஃபைனலில், 21 வயது ஸ்டீபன் ஹென்ட்ரியிடம் 12-18. 1991: ஜான் பாரட்டிடம் 11-18. 1992: ஜிம்மி முதல் சுற்றிலேயே 147 போட்டார், ஃபைனலில் ஹென்ட்ரியை எதிர்த்து 14-8 என்று நின்றார். நான் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதன் பிறகு ஹென்ட்ரி தொடர்ச்சியாகப் பத்து ஃப்ரேம்! 14-18. "இவர் எழுந்திரிக்கவே மாட்டாரா?" என்று கேட்டாள். 1993-ல் 5-18, கடைசி செஷன் நடக்கவே தேவைப்படவில்லை.

1993-ன் பிற்பகுதியில் நான் வேலை பார்த்த வார்ப்பாலை மூடப்பட்டது. அந்த டிசம்பரில் நம் அணியின் பத்தாண்டுச் சந்திப்பு. நான் வரவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் "டூட்டி" என்று சொன்னேன். டூட்டி இல்லை நண்பர்களே, வேலையே இல்லை. ஒருவன் ஜி.எம். ஆகிவிட்டான், ஒருவன் அமெரிக்கா போய்விட்டான், நான் விசிட்டிங் கார்டு இல்லாமல் எப்படி வருவது என்ற வெட்கம். அண்ணனுக்கும் எழுதவில்லை. இன்றுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

1994 மே 3 காலை, பி.பி.சி. சிற்றலையில் கரகரப்புக்கு நடுவே முடிவு கேட்டது. மறுபடி ஹென்ட்ரி. 18-17. ஜூனில் கேசட் வந்தது. உறைமேல் அண்ணன் எழுதியிருந்தார்: "தம்பி, கடைசி ஃப்ரேமைப் பார்க்காதே." முதலில் அதைத்தான் பார்த்தேன்.

17-17. அன்று ஜிம்மிக்கு 32-வது பிறந்தநாள். எதிரே ஹென்ட்ரி, போட்டியின் நடுவே குளியலறையில் விழுந்து முழங்கையில் எலும்பு விரிசலோடு ஆடுகிறார். மேஜையில் ஜிம்மி, பந்துகள் திறந்து கிடக்கின்றன. கறுப்பு அதன் புள்ளியில். தூங்கிக்கொண்டே போடக்கூடிய பந்து. தவறியது. ஹென்ட்ரி எழுந்து 58 எடுத்தார். அந்தச் சில நிமிடங்கள் கேமரா அவ்வப்போது நாற்காலியைக் காட்டியது. ஜிம்மி உட்கார்ந்திருந்தார். க்யூவைத் தூக்கி எறியவில்லை, முகத்தை மூடவில்லை. முடிந்ததும் எழுந்து போய்க் கை கொடுத்தார்.

அதை எத்தனை தடவை ரீவைண்டு செய்து பார்த்தேன் என்று கணக்கில்லை. கறுப்பை அல்ல, நாற்காலியை. வேலை இல்லாத எட்டாவது மாதத்தில் எனக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. உட்கார்ந்திருப்பதும் ஆட்டத்தின் விதிதான், தண்டனை இல்லை. அந்த ஆகஸ்டில் பழையதைவிடச் சின்னதாக ஒரு வேலை கிடைத்தது. கூச்சப்படாமல் போய்ச் சேர்ந்தேன்.

அடுத்த ஆண்டு ஜிம்மி மறுபடி க்ரூசிபிள் வந்து அரையிறுதி வரை போனார். அங்கேயும் ஹென்ட்ரி, அதிலும் ஒரு 147 போட்டு, 16-12 என்று தோற்கடித்தார்! ஆறு ஃபைனல், ஒரு கோப்பையும் இல்லை. ஏழாவது ஃபைனல் வரவே இல்லை. ஹென்ட்ரி ஏழு பட்டம் பெற்றார். 2022-ல் ரானி ஓ'சல்லிவன் அதைச் சமன் செய்தார். 2025-ல் சீனாவின் ஷாவ் ஷின்டாங், மார்க் வில்லியம்ஸை 18-12 என்று வென்று ஆசியாவின் முதல் உலக சாம்பியனானார். ஊட்டிச் சுவரில் விதி மாட்டியதிலிருந்து எண்ணினால் 143 வருடம். ஆசியா இத்தனை காலம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது என்றும் சொல்லலாம்.

இந்தச் சந்திப்புக்கு அண்ணனும் வருவதாக எழுதியிருக்கிறார். 1994 கேசட் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓட்டத்தான் மெஷின் இல்லை. மலர்க் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். "டூட்டி" என்று சொல்லி வராமலிருக்கும் நண்பர்கள் இந்தத் தடவையும் நாலைந்து பேர் இருப்பார்கள். பட்டியலில் பெயருக்கு நேரே கோடு போடுவதற்கு முன்னால், அவர்களுக்கு இன்னொரு போன் போட்டுப் பாருங்கள்.