பிரித்துப் பூட்டிய வண்டி: புல்லட்டும் அதன் மெக்கானிக்குகளும்

புல்லட் மோட்டார் சைக்கிள் என்றதும் எல்லோருக்கும் முதலில் அதன் சத்தம்தான் நினைவுக்கு வரும். அடுத்தது கம்பீரம். ஆனால் சென்னையில் செய்த இந்த வண்டியை நம்பி லடாக் வரை போனவர்களைக் கேட்டால் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார்கள். எங்கே நின்றுபோனாலும் அங்கேயே யாராவது ஒருவர் அதைப் பிரித்துச் சரிசெய்து அனுப்பிவிடுவார் என்பதே அது. இந்த நம்பிக்கை எப்படி உருவானது, பின்னர் எப்படிக் கரைந்தது என்பது ஒரு சுவையான வரலாறு.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம் தையல் ஊசி உற்பத்திக்குப் பேர்போன ஊர். அங்கிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1901ல் தனது முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. புல்லட் என்ற பெயர் 1930களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது என்றாலும், நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய புல்லட்டின் மூலம் 1949ல் சந்தைக்கு வந்த 350 சிசி மாடல்தான். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் வைத்திருந்தது அதன் பெருமை. அந்தக் காலத்தில் பல வண்டிகளுக்குப் பின்பக்கம் சஸ்பென்ஷனே கிடையாது!

சுதந்திரம் அடைந்த இந்தியாவுக்கு நீண்ட எல்லைகளும் மோசமான சாலைகளும் இருந்தன. இராணுவத்துக்கும் போலீசுக்கும் ரோந்து செல்ல உறுதியான வண்டி தேவைப்பட்டது. புல்லட் தேர்வானது. 1955ல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்க, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. பிறகு படிப்படியாக எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. இதற்கிடையில் இங்கிலாந்தில் நிறுவனம் நொடித்துப்போய், 1967ல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970ல் அங்கே உற்பத்தி அடியோடு நின்றது. பிறந்த வீடு இடிந்துபோக, வாக்கப்பட்ட வீட்டில் வம்சம் தழைத்த கதைதான். 1977ல் திருவொற்றியூர் புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆகத் தொடங்கின.

இந்த வரலாற்றில் பழுதுபார்ப்பவருக்கு முக்கியமானது ஒன்றுதான். வண்டியின் அடிப்படை வடிவமைப்பு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் உறைந்து நின்றுவிட்டது. அப்பா கற்றுக்கொண்ட வேலை மகனுக்கும் அப்படியே செல்லுபடியானது. பழைய வண்டியிலிருந்து கழற்றிய பாகம் பல சமயங்களில் புதிய வண்டிக்கும் பொருந்தியது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் புதிய பாகம் கிடைக்கும், புதுப்பேட்டையில் பழைய பாகம் கிடைக்கும். இதை நிறுவனத்தின் தொலைநோக்கு என்று புகழ்வது தவறு. போட்டியில்லாத சந்தையில், லைசென்ஸ் ராஜ்ஜியத்தின் நிழலில், மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லாததால் மாறாமல் இருந்தது, அவ்வளவே. ஆனால் அந்தத் தேக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான பட்டறைகள் பிழைத்தன என்பதும் உண்மை.

பழைய புல்லட்டின் உள்ளே என்ன இருந்தது என்று பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், ஒரே ஒரு வார்ப்பிரும்பு சிலிண்டர். கியர்பாக்ஸ் இன்ஜினோடு ஒட்டியதல்ல, பின்னால் தனியாகப் பூட்டப்பட்டது. அதனால் கியர்பாக்ஸில் கோளாறு என்றால் இன்ஜினைத் தொடவே வேண்டாம். கிளட்ச்சை மூடியிருக்கும் பெரிய மூடி ஒரே ஒரு நட்டில் நிற்கும். அதைக் கழற்றினால் கிளட்ச்சும் பிரைமரி செயினும் கண்முன்னே! ஆனால் ஸ்பேனர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தொல்லை உண்டு. பழைய வண்டிகளில் எல்லாம் பிரிட்டிஷ் அங்குல அளவு மரைகள். பின்னாளில் மில்லிமீட்டர் அளவுகளும் கலந்துவிட்டன. பொருந்தாத ஸ்பேனரைப் போட்டு நட்டின் முனை மழுங்கிய புல்லட்டுகள் ஏராளம்.

சர்வீஸில் முதல் வேலை டேப்பட். சிலிண்டரின் பக்கவாட்டில் இருக்கும் சிறிய மூடியைத் திறந்தால் இரண்டு புஷ்ராடுகள் தெரியும். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். புஷ்ராடு விரலால் உருட்டினால் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. கணக்கு இவ்வளவுதான். அளவுகோல் விரல்தான். இறுக்கிவிட்டால் வால்வு முழுதாக மூடாமல் கருகும், தளர்த்திவிட்டால் 'டக் டக்' என்று தட்டும். அடுத்தது பாயிண்ட். அதன் இடைவெளி சுமார் 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். பாயிண்டின் முகத்தில் கரியும் குழியும் விழுந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, இடைவெளியை மறுபடி வைக்க வேண்டும். அடிக்கடி பாயிண்ட் கருகினால் கண்டென்சர் போய்விட்டது என்று அர்த்தம்.

ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் சின்ன ஆம்ப் மீட்டரைப் பலரும் அலங்காரம் என்று நினைப்பார்கள். உண்மையில் அந்த வண்டியில் இருந்த ஒரே பரிசோதனைக் கருவி அதுதான். சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தினால் முள் ஒரு இடத்தில் நடுவுக்கு வரும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்பதற்கு அடையாளம். டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து இன்னும் இம்மியளவு தள்ளி, லீவரை விட்டு, ஒரே உதை. இந்த முறை தெரியாமல் உதைத்தவர்களின் கணுக்காலைக் கிக்கர் திருப்பி உதைத்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. ஓடும்போதும் முள் தொடர்ந்து மைனஸ் பக்கமே நின்றால் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று புரிந்துகொண்டு, இருட்டுவதற்குள் ஒரு ஊரைப் பிடித்துவிட வேண்டும்.

நெடுந்தூரப் பயணிகள் இந்தக் கல்வியைத் தங்கள் பையிலேயே சுமந்தார்கள். ஒரு பிளக், ஒரு செட் பாயிண்ட், கண்டென்சர், செயின் லிங்க், டியூப், கொஞ்சம் இன்சுலேஷன் டேப், கட்டுக்கம்பி. கிளட்ச் கேபிளுக்கு ஓர் அருமையான தந்திரம் உண்டு. புதிய கேபிளைப் பையில் வைக்காமல், பழைய கேபிளின் பக்கத்திலேயே ஓடவிட்டு டேப் சுற்றிவிடுவார்கள். நடுவழியில் அறுந்தால் இரண்டு முனைகளையும் மாட்டினால் போதும், டேங்கைக் கழற்ற வேண்டாம். 1990களில் டெல்லி கரோல் பாக்கில் பழைய புல்லட்டை வாங்கி மலைப்பக்கம் கிளம்பிய வெளிநாட்டுக்காரர்களும் இப்படித்தான் பையைக் கட்டிக்கொண்டு போனார்கள்.

உண்மையான சோதனை மணாலியிலிருந்து லே செல்லும் பாதையில்தான். சுமார் 470 கி.மீ. தூரம், நடுவே 5,300 மீட்டரைத் தாண்டும் தங்லாங் லா கணவாய். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். காற்று குறைகிறது, ஆனால் கார்பரேட்டர் பெட்ரோலை ஏறக்குறைய அதே அளவில்தான் ஊற்றுகிறது. கலவை கெட்டியாகி, பிளக் கறுத்து, வண்டி இருமிக்கொண்டே ஏறும். தெரிந்தவர்கள் சின்ன துளையுள்ள மெயின் ஜெட்டை மாற்றுவார்கள். தெரியாதவர்கள் ஏர் ஃபில்டரையே கழற்றி எறிந்துவிட்டு, அந்த மலைத்தூசி முழுவதையும் சிலிண்டருக்குள் அனுப்பிவைப்பார்கள்! ஊர் திரும்பியதும் போர் போட வேண்டிய செலவு அவர்களுக்குத் தனி.

பழைய புல்லட்டைத் தெய்வமாக்குபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அதைச் சரிசெய்வது சுலபமாக இருந்தது சரி, ஆனால் அதை அடிக்கடி சரிசெய்ய வேண்டியும் இருந்தது. நின்ற இடத்தில் எண்ணெய்க் கோலம் போடும். அதிர்வில் நட்டுகள் கழன்று விழும். கியர் மாற்றும்போது இரண்டு கியர்களுக்கு நடுவே பொய் நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டி ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்த சம்பவங்களை மெக்கானிக்குகள் சிரிக்காமல் சொல்லமாட்டார்கள்.

1994ல் நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது. மாற்றம் மெதுவாகவே தொடங்கியது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக வார்ப்பிரும்பு இன்ஜினால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 2008ல் தண்டர்பேர்ட் வண்டியிலும், அடுத்த ஆண்டு கிளாசிக் வண்டியிலும் புதிய இன்ஜின் வந்தது. கியர்பாக்ஸும் இன்ஜினும் ஒரே கூட்டுக்குள் போயின. பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், கியர் இடது காலுக்கு. டேப்பட்டுகள் ஹைட்ராலிக் ஆகிவிட்டதால் விரலால் உருட்டிப் பார்க்கும் வேலை ஒழிந்தது. எண்ணெய் ஒழுகுவதும் பெருமளவு குறைந்தது. பயணிக்கு இது லாபமே. ஆனால் டேப்பட்டையும் பாயிண்டையும் நம்பிப் பட்டறை வைத்திருந்தவரின் வாராந்திர வருமானம் சத்தமில்லாமல் போய்விட்டது.

அடுத்த அடி 2020 ஏப்ரலில் விழுந்தது. பி.எஸ்.6 விதிகள் அமலுக்கு வர, கார்பரேட்டரின் இடத்தை ஃபியூயல் இன்ஜெக்ஷன் பிடித்தது. காற்றழுத்தத்தைத் தானே உணர்ந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்வதால் தங்லாங் லாவில் ஜெட் மாற்றும் வேலை இல்லை. அதே சமயம் சென்சார் ஒன்று பழுதானால் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். எந்த சென்சார் என்று தெரிந்துகொள்ள அதற்கான கருவியைச் செருகிப் படிக்க வேண்டும். கருவி இருப்பது கம்பெனி சர்வீஸ் சென்டரில். சர்வீஸ் சென்டர் இருப்பது பெரிய ஊரில். முன்பு வண்டி நின்றால் மெக்கானிக்கைத் தேடினார்கள், இப்போது வண்டியை ஏற்ற லாரியைத் தேட வேண்டியிருக்கிறது. வண்டி நிற்பது அபூர்வம்தான். ஆனால் அந்த அபூர்வம் சர்ச்சு சமவெளியில் மாலை ஐந்து மணிக்கு நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்கு நிறுவனத்தின் விளம்பரங்களில் பதில் இல்லை.

பட்டறைக்காரர்களில் சிலர் கருவி வாங்கிப் புதிய வேலையைக் கற்றுக்கொண்டார்கள். சிலர் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் வேலைக்கு மட்டும் திரும்பினார்கள். அதற்குப் பணம் கொடுக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். மற்றவர்கள் பஞ்சர், ஆயில் மாற்றம் என்று சுருங்கிப்போனார்கள்.

2023 செப்டம்பரில் புல்லட் என்ற பெயரிலேயே 349 சிசி புதிய இன்ஜினோடு வண்டி வந்தது. போரும் ஸ்ட்ரோக்கும்கூட மாறிவிட்டன. ஆம்ப் மீட்டர் இருந்த இடத்தில் பெட்ரோல் அளவும் எச்சரிக்கை விளக்குகளும். பழைய பயணியின் பையில் இருந்த பாயிண்ட், கண்டென்சர், ஜெட் எதற்கும் இதில் வேலையில்லை. கிளட்ச் மட்டும் இன்னும் கேபிளில்தான் இயங்குகிறது, கம்பி போட்ட சக்கரத்துக்குள் இன்னும் டியூப்தான் இருக்கிறது.