எஞ்சின் கணினிப் பழுது: டைமண்ட்-ஸ்டார் கார்கள்

எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவு, குளிர்நீரின் சூடு, கிராங்க் தண்டின் நிலை ஆகியவற்றை உணரிகள் வழியே அறிந்து, பெட்ரோல் எவ்வளவு, தீப்பொறி எப்போது என்று தீர்மானிக்கும் மின்னணுப் பெட்டியே எஞ்சின் கணினி. மெக்கானிக்குகள் இதை இ.சி.யு. என்பார்கள். பழைய கார்களில் இப்பெட்டி பழுதாகும் விதத்துக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, 1990 முதல் 1994 வரையிலான மாடல்களாக வந்த மிட்சுபிஷி எக்லிப்ஸ், ஈகிள் டாலன், பிளைமவுத் லேசர் ஆகிய கார்கள். மிட்சுபிஷியும் கிரைஸ்லரும் கூட்டாக அமைத்த டைமண்ட்-ஸ்டார் மோட்டார்ஸ், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து நார்மல் நகரில் இவற்றைத் தயாரித்தது.

பழுதின் மூலம்

பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையில் வழக்கமாக மூன்று சிறு உருளை வடிவ மின்பகு மின்தேக்கிகள் உண்டு. அக்காலத்து மின்தேக்கிகள் பலவற்றில் இருந்த திரவம் காலப்போக்கில் அடி ரப்பரை அரித்துக்கொண்டு வெளியே கசிந்தது. காரத்தன்மை கொண்ட அந்தத் திரவம் பலகையின் செம்புத் தடங்களைத் தின்றுவிடும். மூடியைத் திறந்ததும் மீன் கவிச்சி போல ஒரு வாடை வந்தால் வேறு சாட்சி அநேகமாகத் தேவைப்படாது. ஓடாமல் நின்ற காருக்கும் விதிவிலக்கு இல்லை. இது கிலோமீட்டரால் வரும் தேய்மானம் அல்ல, வயதால் வருவது.

அறிகுறிகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. சாவியைத் திருப்பியதும் 'செக் எஞ்சின்' விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அது எரியாமலே இருக்கலாம், அல்லது அணையாமலே இருக்கலாம். ஸ்டார்ட்டர் சுழன்றும் தீப்பொறி வராது. ஐட்லிங் ஏறி இறங்கும். குளிரில் கிளம்பாத கார் வெயில் ஏறியபின் கிளம்பும்.

சோதனை

ஆனால் இதே அறிகுறிகளை வேறு பழுதுகளும் தரும். அதனால் கணினியைக் கடைசிக் குற்றவாளியாகவே வைத்துக்கொள்வது நல்லது. பெட்டிக்கு மின்சாரம் தரும் எம்.பி.ஐ. ரிலேவுக்குள் சால்டர் விரிசல் விடுவது இக்கார்களில் சகஜம். முதலில் பேட்டரி, ஃபியூஸ், ரிலே, பிறகு எர்த். எர்த் ஒயரின் மின்தடையை மட்டும் அளந்தால் போதாது. ஒரே ஓர் இழை மிஞ்சிய ஒயரும் மல்டிமீட்டரில் நல்ல ஒயராகத்தான் தெரியும். சாவி போட்ட நிலையில், கணினியின் எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே எத்தனை வோல்ட் விழுகிறது என்று பார்க்க வேண்டும். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் ஒயரைச் சந்தேகிக்கலாம்.

உணரிகளுக்குக் கணினி தரும் 5 வோல்ட் இல்லையென்றாலும் உடனே பெட்டியைப் பழிக்கக் கூடாது. உள்ளே ஷார்ட் ஆன ஓர் உணரி அந்த வோல்ட்டேஜைக் கீழே இழுத்திருக்கலாம். உணரிகளின் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வரும்போது 5 வோல்ட் திரும்பினால், கடைசியாகக் கழற்றியதே காரணம்.

அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கட்டாயமான ஓ.பி.டி.-2 என்ற பழுதறியும் முறைக்கு முந்தையவை இக்கார்கள். முள் வைத்த வோல்ட்மீட்டரைச் சோதனை இணைப்பில் பொருத்தினால், முள்ளின் நீண்ட, குறுகிய அசைவுகளை எண்ணிப் பழுதுக் குறியீட்டைப் படிக்கலாம். 12 காற்றளவு உணரி, 21 குளிர்நீர்ச் சூடு, 22 கிராங்க் கோண உணரி. முள் அசையவே இல்லையென்றால், மின்சாரமும் எர்த்தும் சரியாக இருக்கும் பட்சத்தில், சந்தேகம் கணினியின் மேல் பலமாக விழுகிறது.

செப்பனிடலும் மாற்றலும்

டாஷ்போர்டின் நடுவில், ரேடியோவுக்குக் கீழே பெட்டி இருக்கும். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றாமல் அதைத் தொடக் கூடாது. கசிவு தொடக்க நிலையில் இருந்தால் பலகையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, 105 டிகிரி வெப்பம் தாங்கும் புதிய மின்தேக்கிகளைப் பொருத்தலாம். நேர், எதிர் முனைகள் மாறிவிடக் கூடாது. அறுந்த தடங்களை மெல்லிய கம்பியால் இணைக்கலாம். பல அடுக்குப் பலகையின் உள்தடமும் அரிக்கப்பட்டிருந்தால் வேறு பெட்டி தேடுவதே நேரத்துக்கு மரியாதை.

மாற்றுப் பெட்டி உருவத்தில் ஒத்திருந்தால் போதாது. டர்போ உள்ளதா இல்லையா, கியர் கையாலா தானியங்கியா, கலிஃபோர்னியாவின் புகை விதிப்படி வந்த காரா என்பதைப் பொறுத்து உதிரிபாக எண் மாறும். 1990 மாடலுக்கும் அடுத்த ஆண்டு மாடல்களுக்கும் சில முனைகளின் ஒயர் அமைப்பே வேறு. வாங்கிய பழைய பெட்டியிலும் அதே வயதான மின்தேக்கிகள்தான் இருக்கும் என்பதை விற்பவர் பெரும்பாலும் சொல்வதில்லை. ஒரு நிம்மதி: பிற்காலக் கார்களைப் போலச் சாவியோடு பிணைந்த திருட்டுத் தடுப்பு இவற்றில் இல்லை. பெட்டியை மாற்றியதும் எஞ்சின் கிளம்பும்.

பலரும் தவறுவது இந்தக் கட்டத்தில்தான். ஐட்லிங்கைச் சரிசெய்யும் ஸ்டெப்பர் மோட்டாரின் சுருள் ஷார்ட் ஆகிக் கணினியின் இயக்கிச் சில்லை எரித்திருந்தால், புதிதாகப் போட்ட பெட்டியையும் அதே மோட்டார் எரித்துவிடும். 20 டிகிரி சூட்டில் அதன் ஒவ்வொரு சுருளும் 28 முதல் 33 ஓம் காட்ட வேண்டும். அதற்கு வெகுவாகக் குறைந்தால் முதலில் மோட்டார், பிறகே கணினி. கழற்றிய பெட்டியை எறிந்துவிடாமல் வைத்துக்கொண்டால், அதன் நல்ல சில்லுகள் இன்னொரு பலகையைச் செப்பனிட உதவும்.