காசநோயும் சென்னையில் நடந்த ஒரு சோதனையும்

சுவிஸின் டாவோஸ் மலைப்பகுதி ஹோட்டல்களில் கோப்பை கழுவப் போன எம்மவர்கள், அங்குள்ள சில பழைய கட்டிடங்களில் வெயிலை நோக்கிய நீண்ட பலகணிகளைக் கண்டிருப்பார்கள். அவை உல்லாசப் பயணிகளுக்காகக் கட்டப்பட்டவையல்ல. காசநோயாளரைப் படுக்கவைப்பதற்காகக் கட்டப்பட்டவை. மலைக்காற்று இந்நோயைத் தீர்க்கும் என்ற கருத்தை 1860களில் அங்கு பரப்பியவர் வைத்தியர் அலெக்சாண்டர் ஸ்பெங்லர். 1849இன் பாடன் கிளர்ச்சியில் பங்குகொண்டு, ஜெர்மனியிலிருந்து தப்பி சுவிஸுக்கு வந்த அரசியல் அகதி அவர். (டாவோஸின் செல்வம் ஒரு அகதியிடமிருந்து தொடங்கியது என்பதை இங்குள்ள அகதி எதிர்ப்பாளர்கள் அதிகம் பேசுவதில்லை.)

1882 மார்ச் 24இல் பேர்லினில் றொபேர்ட் கொக் இந்நோயின் கிருமியைக் கண்டதாக அறிவித்தார். ஆனால் கிருமியைக் காண்பது வேறு, கொல்வது வேறு. 1890இல் அவரே முன்வைத்த ரியூபர்குலின் மருந்தாகத் தோற்றுப்போனது. மெழுகு போன்ற உறை கொண்ட இக்கிருமி, ஏனைய பக்ரீரியாக்கள் இருபது நிமிடத்தில் இரண்டாகப் பிரியும்போது, ஏறத்தாழ இருபது மணித்தியாலம் எடுத்துக்கொள்ளும். அசமந்தமாக உறங்கிக் கிடக்கவும் வல்லது. அறுபது ஆண்டுகள் பணமுள்ளவருக்கு மலையும் பாலும் ஓய்வும் கிடைத்தன; பணமில்லாதவருக்கு ஒன்றுமில்லை.

1943இல் அமெரிக்காவின் றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்தில் அல்பேர்ட் ஷாற்ஸ் என்ற மாணவர் மண்ணிலிருந்த நுண்ணுயிரொன்றிலிருந்து ஸ்ரெப்ரோமைசினைப் பிரித்தெடுத்தார். 1952இன் நோபல் பரிசு அவரது பேராசிரியர் வாக்ஸ்மனுக்கு மட்டுமே போனது. அது தனிக்கதை. பிரித்தானியாவில் 107 நோயாளரிடம் இம்மருந்து சோதிக்கப்பட்டது. ஆறு மாத முடிவில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர். பெருவெற்றி என்றே தோன்றியது. ஐந்து ஆண்டுகளின் பின் எண்ணியபோது இறந்தோர் முறையே 32, 35. தனியொரு மருந்துக்குக் கிருமி பழகிக்கொண்டுவிட்டது. பி.ஏ.எஸ். என்ற மருந்தையும், 1952இல் பயனுக்கு வந்த ஐசோனியசிட்டையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் நோய் உண்மையாகவே தீரத் தொடங்கியது.

எனது அக்கறை இதற்கு அடுத்த கட்டத்தில்தான். மருந்து வந்துவிட்டது, ஆனால் சானற்றோரியம் வேண்டுமா? இந்தியாவின் நோயாளர் தொகைக்குக் கட்டில்கள் கட்டி முடிக்க எந்த அரசாலும் இயலாது. இக்கேள்விக்கு விடை தேட 1956இல் சென்னையில் ஒரு ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை என்பன சேர்ந்து நடத்தின. வலஸ் பொக்ஸ் தலைமை தாங்கினார். நகரின் ஏழை நோயாளர் 193 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானற்றோரியம் சென்றனர். மற்றவர் நெரிசலான தமது வீடுகளிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம்.

சானற்றோரியத்தில் இருந்தோருக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு. எடையும் கூடுதலாக ஏறியது. வீட்டில் இருந்தோர் அரைவயிறு உண்டனர், வேலையும் செய்தனர். வருட முடிவில் நோய் அடங்கியோர் சானற்றோரியத்தில் 92 வீதம், வீட்டில் 86 வீதம். ஐந்து ஆண்டுகளின் பின் இந்தச் சிறு வேறுபாடும் காணாமற் போய்விட்டது. 1959இல் இம்முடிவு வெளியானபின் உலகெங்கும் சானற்றோரியங்களின் நியாயம் ஆட்டங்கண்டது. டாவோஸில் 1950களிலேயே பல, ஹோட்டல்களாக மாறத் தொடங்கியிருந்தன.

விஞ்ஞான வரலாறுகளில் இது பொக்ஸின் சாதனையாகவே எழுதப்படுகிறது. பசியோடு மாத்திரை விழுங்கி அந்த எண்களைத் தந்தவர்களுக்குப் பெயரில்லை. அவர்கள் நம்பப்பட்டதுமில்லை: முன்னறிவிப்பின்றி வீட்டுக்கு வந்து மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். பின்னர் கண்முன்னே விழுங்கவைக்கும் முறை வந்ததும் இங்கிருந்துதான். ஏழையைக் கண்காணிப்பதாக இதை எதிர்ப்போரின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் நான் முழுதாக உடன்படமாட்டேன். இன்றைய சாதாரண சிகிச்சை பெரும்பாலும் ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பின் இரண்டு. சில வாரங்களிலேயே இருமல் குறைந்து பசி வரும். உறங்கும் கிருமிகள் அப்போதும் உள்ளே இருக்கும். மாத்திரை நிறுத்தப்படுவதும் அப்போதுதான். எதிர்ப்புப் பெற்ற கிருமி திரும்பி வருகிறது.

எம்மவரிடையே இதற்கு வேறு காரணங்களும் உண்டு. வந்த நாட்களில் எமக்கு நெஞ்சுப்படம் எடுக்கப்பட்டது. சுவிஸ் 2006இல் அதைக் கைவிட்டு, கேள்விகள் கேட்டறியும் முறைக்கு மாறியது. படம் எடுத்ததன் காரணத்தை எவரும் சொல்லவில்லை. படத்தில் நிழல் தெரிந்தால் திருப்பி அனுப்புவார்கள் என்றே முகாமில் பேசிக்கொண்டோம். 1951இன் ஜெனீவா உடன்படிக்கையில் நோயுற்றவர் அகதியாக ஏற்கப்படக்கூடாது என்று ஒரு வரியும் இல்லை. அந்தப் பயம் வதந்தியாகவே வளர்ந்தது. அறைத் தோழர்கள் அறிந்தால் என்ன செய்வார்கள் என்ற பயமோ வதந்தியல்ல. ஊரில் சயரோகக்காரரின் கோப்பையைத் தனியே கவிழ்த்து வைத்ததை நான் கண்டிருக்கிறேன். இங்கு ஐந்து பேர் வாழ்ந்த ஒரு வீட்டிலும் கண்டேன். மாத்திரைகளை அவர் சப்பாத்துப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தார்.

இந்நோய் இருமலில் காற்றுவழியே பரவுவது, கோப்பையில் ஒட்டுவதல்ல. சென்னையில் அந்த நோயாளரின் குடும்பத்தவரையும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில், சானற்றோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைவிட அதிகமானோர் நோயுறவில்லை. தொற்றியவர்களுக்கு அது பெரும்பாலும் மருந்து தொடங்குமுன்பே, நோய் இன்னதென்று தெரியாத மாதங்களிலேயே தொற்றியிருந்தது.