கணக்குக் காட்டாதார்: உத்தரமேரூர்ச் சபையின் இரு தீர்மானங்கள்

கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்தின் (இன்றைய உத்தரமேரூர்) பொதுச் செலவு பெரும்பாலும் அவ்வூர்ச் சபையின் கை வழியே நடந்தது. வைரமேக தடாகம் என்ற பெரிய ஏரியில் ஆண்டுதோறும் தூர் வாருவதற்காகக் கொடையாளர் பொன் வைத்தனர். அதன் பொலிசையை (வட்டியை) கொண்டு வேலை நடத்துவது சபையின் கடமை. ஏரிக்கு ஏரி வாரியம், மிகைநீர் வழியும் கலிங்குக்குக் கலிங்கு வாரியம், கழனிக்குக் கழனி வாரியம், வழிகளைப் பேணியதாகக் கொள்ளப்படும் தடிவழி வாரியம், பொன்னை மேற்பார்க்கப் பொன் வாரியம் என்று பொறுப்புகள் பிரிந்திருந்தன. பொன் கைமாறியது, பொறுப்பாளரும் ஆண்டுதோறும் மாறினர். செலவிட்டவர் யாரிடம் கணக்குக் காட்டினார், காட்டாவிட்டால் அவருக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்விக்கு அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் பொறித்த இரு தீர்மானங்கள் விடை சொல்கின்றன. அவற்றின் விடைகள் ஒன்றல்ல. முதல் தீர்மானத்தின் விடை வேறு, இரண்டாவதன் விடை வேறு. இந்த வேறுபாடு இதுவரை உரிய கவனம் பெறவில்லை.

இரண்டும் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. ஒன்று அவனது 12ஆம் ஆட்சியாண்டிலும் மற்றது 14ஆம் ஆட்சியாண்டிலும் எழுந்தவை. 1898இல் படியெடுக்கப்பட்ட இவற்றைக் கல்வெட்டறிஞர் வெங்கையா இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் வெளியிட்டார். குடத்தில் இட்ட பெயர் ஓலைகளை எடுத்து வாரியத்தாரைத் தேரும், இவற்றில் வரும் குடவோலை முறை, பள்ளிப் பாடநூல் வரை பரவிவிட்டது. 30 குடும்புகள், ஓலையில் பெயர், குடம், ஓலை எடுக்கும் சிறுவன் ஆகியவற்றை இங்கு மீண்டும் விரிக்கத் தேவையில்லை.

இத்தீர்மானங்களைப் பற்றி இன்றுவரை செல்வாக்குடன் நிற்பது கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் வாசிப்பு. 1932இல் வெளிவந்த சோழர் வரலாறு, ஆட்சிமுறை பற்றிய ஆய்வுகளிலும், பின்னர் 1935-37இல் வெளிவந்த ‘சோழர்கள்’ நூலிலும் அவர் உத்தரமேரூருக்குத் தனியிடம் தந்தார். தனித்தனி ஆள்களாகப் பொறுப்பேற்ற வாரியர் என்ற நிலையிலிருந்து, குழுவாக இயங்கும் வாரியம் என்ற நிலைக்கு ஊராட்சி வளர்ந்தது என்றும், பராந்தகன் காலத் தீர்மானங்கள் அவ்வளர்ச்சியின் முதிர்ந்த கட்டம் என்றும் அவர் கண்டார். அவர் பார்வையில் இரண்டாம் தீர்மானம் முதலாவதன் திருத்தம். நடைமுறையில் தெரிந்த குறைகள் களையப்பட்டன, பொதுவாகச் சொல்லியிருந்தவை நுணுக்கம் பெற்றன என்பது அதன் சாரம். திறமையான அரச நிர்வாகமும் ஊக்கமுள்ள ஊர்ச்சபைகளும் சேர்ந்து, இந்து அரசுகள் எட்டிய நிர்வாகத் தூய்மையின் உச்சத்தைத் தொட்டன என்ற அவரது பெரிய முடிவுக்கு இந்த வாசிப்பு ஒரு தூண்.

சாஸ்திரியாரின் உழைப்பைக் குறைத்து மதிக்க இயலாது. சிதறிக் கிடந்த நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளை ஒருசேர வைத்துச் சபையின் அன்றாட வேலையைக் காட்டியவர் அவர். பின்னாளில் வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1980இல் அவரைக் கடுமையாக மறுத்தார். ஆனால் அவரது தாக்குதல் சோழ அரசு மையப்பட்ட ஒன்றா என்ற கேள்வியை நோக்கியே சென்றது. நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் நில உடைமை, நாடு, ஊர் ஆகியவற்றின் அமைப்பை ஆராய்ந்து விவாதத்தை வேறு தளத்துக்குக் கொண்டுசென்றனர். எனவே, இரண்டாம் தீர்மானம் முதலாவதன் செம்மையாக்கம் என்ற சாஸ்திரியாரின் கருத்து, அவரை மறுத்தோராலும் பெரும்பாலும் தொடப்படாமல் நின்றுவிட்டது.

அக்கருத்தில் ஒரு குறை உண்டு. செம்மையாக்கம் என்றால் அதே நோக்கம் கூர்மை பெற்றிருக்க வேண்டும். வயது வரம்பைப் பொறுத்தவரை அப்படிச் சொல்லலாம். முதல் தீர்மானத்தில் 30க்கு மேல் 60க்குள் என்றிருந்தது, இரண்டாவதில் 35க்கு மேல் 70க்குள் என்று மாறியது. கால்வேலிக்கு மேல் இறைநிலம் வேண்டும் என்ற விதிக்கு, ஒரு வேதமும் ஒரு பாடியமும் (உரைநூலும்) வல்லவருக்கு அரைக்கால் வேலியே போதும் என்ற விலக்குச் சேர்ந்ததும் அத்தகையதே. உறவினர் தகுதிக்கேட்டைப் பற்றிய விதி அப்படியன்று. அங்கே குறியே மாறியிருக்கிறது.

முதல் தீர்மானம், பெயர் எழுதப்பட வேண்டியவர் மூன்றாண்டுக்குள் வாரியம் செய்திராதவராகவும், வாரியம் செய்து ஒழிந்த பெருமக்களுக்கு நெருங்கிய பந்து அல்லாதவராகவும் இருக்க வேண்டும் என்கிறது. பதவியில் இருந்து இறங்கியவரின் உறவினர் உடனே ஏறக்கூடாது என்பது இதன் பொருள். இறங்கியவர் நேர்மையானவரா இல்லையா என்ற கேள்வியே இதில் இல்லை. பதவி ஒரு குடும்பத்துக்குள் சுற்றுவதைத் தடுப்பது மட்டுமே நோக்கம். கணக்குக் காட்டாமை தகுதிக்கேடாக இங்கு சொல்லப்படவில்லை.

இரண்டாம் தீர்மானம் மூன்றாண்டு விதியை வைத்துக்கொள்கிறது. ஒழிந்தோரின் பந்து என்ற விதி அதில் இல்லை. அந்த இடத்தில், எப்பேர்ப்பட்ட வாரியமாயினும் செய்து கணக்குக் காட்டாமல் இருந்தவர் என்ற புதிய வகை வருகிறது. அவரோடு அவர் உறவினரும் விலக்கப்படுகின்றனர். உறவு இங்கே ‘நெருங்கிய பந்து’ என்று பொதுவாக விடப்படவில்லை. சிற்றவை, பேரவை மக்கள், அத்தை, மாமன் மக்கள், தாயோடு உடன்பிறந்தவன், தந்தையோடு உடன்பிறந்தவன், தன் உடன்பிறந்தவன், பெண் கொடுத்த மாமன், மனைவியோடு உடன்பிறந்தவன், உடன்பிறந்தாளை மணந்தவன், உடன்பிறந்தாள் மக்கள், மகளை மணந்த மருமகன், தந்தை, மகன் என்று பட்டியல் நீள்கிறது. மணவுறவால் இணைந்த ஒரு பிரமதேயத்தில் (பிராமணர் ஊரில்) இத்தனை பேரை விலக்குவது, தவறியவரின் பங்காளிகளையும் சம்பந்திகளையும் ஏறத்தாழ முழுமையாக வெளியே நிறுத்துவதாகும். நேர்மையாகக் கணக்கை முடித்தவரின் மகனுக்கு இரண்டாம் தீர்மானத்தின்படி தடை இல்லை. முதல் தீர்மானத்தின்படி இருந்தது. ஆகவே இது பழைய விதியின் விளக்கமாகாது. பதவியில் இருந்தமைக்காக உறவைச் சந்தேகித்த விதி போய், கணக்குத் தவறியமைக்காக உறவைத் தண்டிக்கும் விதி வந்தது.

தகுதிக்கேடுகளின் வரிசையும் கவனிக்கத்தக்கது. மகாபாதகம் செய்தோர், பிறர் பொருள் கவர்ந்தோர், விலக்கான உணவு உண்டோர், ஊர்க்குக் கண்டகரானோர் ஆகிய அனைவருக்கும் முன்னதாகக் கணக்குக் காட்டாதோர் நிற்கின்றனர். உறவுப் பட்டியல் முதலில் அவர்களுக்காகவே எழுதப்படுகிறது. பின்னால் மகாபாதகம் பேசும்போது மேலே சுட்டிய பந்துக்களும் என்று அதே பட்டியல் திருப்பிச் சுட்டப்படுகிறது. தருமசாத்திர மரபில் பயின்ற ஒரு சபை மகாபாதகத்தை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது தற்செயல் என்று கொள்வது கடினம். சாஸ்திரமே முழு அளவுகோலாக இருந்திருந்தால் வரிசை வேறாக இருந்திருக்கும். சபையை அப்போது உறுத்திய சிக்கல் பணக் கணக்கு என்பதற்கு இந்த வரிசையை விட நேரடியான சான்று கல்லில் இல்லை.

அச்சிக்கல் எப்போது எழுந்தது? இங்கே ஆண்டுக் கணக்கு குறுக்கிடுகிறது. நூல்கள் வழக்கமாக இவற்றை 919, 921 என்று குறித்து, இடைவெளி இரண்டாண்டு என்று எழுதிவிடும். முதல் தீர்மானம் 12ஆம் ஆட்சியாண்டு என்பதோடு நிற்கிறது. இரண்டாவதோ 14ஆம் ஆண்டு, 16ஆம் நாள் என்று தொடங்குகிறது. பராந்தகன் 907ஆம் ஆண்டின் முதல் ஏழு மாதங்களுக்குள் பட்டமேறினான் என்ற கல்வெட்டறிஞர் கீல்ஹார்னின் கணிப்பை ஏற்றால், 14ஆம் ஆண்டின் 16ஆம் நாள் 920இல்தான் விழும், 921 பொருந்தாது. 12ஆம் ஆண்டு 918இன் முற்பகுதியில் தொடங்கி 919இன் நடுப்பகுதி வரை எங்கும் விழலாம். எனவே இரு தீர்மானங்களுக்கும் இடையே குறைந்தது ஓராண்டும் சில நாள்களும், மிகுந்தால் இரண்டாண்டும் சில நாள்களும் கழிந்திருக்கும். இதற்குமேல் நாளைச் சுருக்கக் கல்வெட்டு இடம் தரவில்லை.

இந்தத் தளர்வான கணக்கும் ஒரு பயன் தருகிறது. வாரியத்தின் காலம் 360 நாள். இடைவெளி எவ்வளவு குறுகியதாயினும், முதல் தீர்மானத்தை ஒட்டி உடனே அமர்ந்த வாரியத்தார் ஒரு முழுத் தவணை முடித்து இறங்கியிருப்பர். அவர்கள் இறங்கிய பின்னரே கணக்குக் காட்டாதார் என்ற வகை கல்லில் ஏறுகிறது. குடவோலையால் வந்தவர்களே கணக்கில் தவறினர் என்று இதைக் கொண்டு முடிவுகட்ட முடியாது. ‘எப்பேர்ப்பட்ட வாரியமும்’ என்ற விரிந்த சொல்லாட்சி, பழைய வாரியங்களின் தீராத கணக்குகளையும் உள்ளடக்கும். மூன்றாண்டு விதிக்கு இருப்பதுபோல் இதற்குக் கால எல்லையும் இல்லை. எனினும், சீட்டு முறையால் மட்டும் பொதுப்பணம் காக்கப்படவில்லை என்பதைச் சபை ஓரிரு ஆண்டுகளில் உணர்ந்தது என்பது உறுதி. குடவோலை யார் பொறுப்பேற்பது என்பதைத் தீர்த்தது. பொறுப்பேற்றவர் திரும்பி வந்து பதில் சொல்வதற்கு அதில் வழி இல்லை.

தடை வாழ்நாள் முழுமைக்குமா, கணக்குக் காட்டியதும் நீங்குமா என்பது அடுத்த சிக்கல். சில குற்றங்களுக்குப் பிராயச்சித்தம் செய்த பிறகும் உயிருள்ளளவும் குடவோலை இல்லை என்று தீர்மானம் வெளிப்படையாகச் சொல்கிறது. கணக்குத் தவறியோர்க்கு அவ்வாறு சொல்லவில்லை. இதற்கு ஒளி தருவது தீர்மானத்தின் இறுதியில் கணக்கெழுதுவோரைப் பற்றி வரும் பகுதி. பொருளில் தூய்மையுடையவரே கணக்கெழுத வேண்டும். எழுதியவர் பெருங்குறிப் பெருமக்கள் (சபையார்) முன் கணக்குக் காட்டிச் சுத்தர் என்று தெளிந்த பிறகே மறுபடியும் கணக்குப் பொறுப்பில் புகலாம். தாம் எழுதிய கணக்கைத் தாமே காட்ட வேண்டும். வேறு கணக்கர் புகுந்து அதை முடித்துக் கொடுக்கக் கூடாது. கணக்கர் தூய்மை பெறக் கணக்குக் காட்டலே வழி என்றால், வாரியத்தாருக்கும் அதுவே வழியாக இருந்திருக்க வேண்டும். அவ்வாறாயின் உறவினர் மீதான தடை தண்டனை மட்டுமன்று. தவறியவரைக் கணக்கோடு சபைக்கு வரச் செய்ய, அவர் வீட்டாரும் சம்பந்திகளும் தரும் நெருக்கடியும் ஆகும். சான்று மெலிந்த இடம் இது. ஆயினும் தீர்மானத்தின் இரு முனைகளையும் இணைக்கும் வேறு வாசிப்பு எளிதில் அமையவில்லை.

தான் எழுதியதைத் தானே காட்ட வேண்டும் என்ற விதி தனிச் சிறப்புடையது. பொறுப்பு மாறும்போது பழைய கணக்கைப் புதியவர் தலையில் கட்டுவதும், எழுதியவர் ஒருவர் விளக்குபவர் ஒருவர் என்று வினா நழுவுவதும் எந்த அலுவலகமும் அறிந்த வழிகள். ஏரியின் தூர்ச் செலவு, கலிங்கின் பழுதுபார்ப்பு போன்றவற்றில், வேலை நடந்ததா என்பதை அடுத்த மழை வரும்வரை மறைத்துவிடவும் முடியும். எழுத்தையும் ஆளையும் பிரிக்காமல் வைத்த இவ்விதி அதற்கான அடைப்பு. குற்றம் காணப்பட்ட வாரியத்தாரை 360 நாள் முடியும்வரை காத்திராமல் அப்போதே நீக்கலாம் என்ற விதியும் இதனோடு சேர்த்தே படிக்கத் தக்கது. சாஸ்திரியாரின் விவாதத்தில் தேர்வு முறை பெற்ற இடத்தை இவ்விதிகள் பெறவில்லை.

அரசனின் பங்கைப் பற்றியும் சாஸ்திரியாரோடு வேறுபட வேண்டியுள்ளது. இரு தீர்மானங்களும் அரசனின் ஸ்ரீமுகப்படி (ஆணைப்படி) எழுந்தவை. முதலாவதில் தத்தனூர் மூவேந்தவேளானும், இரண்டாவதில் சோழநாட்டுப் புறங்கரம்பை நாட்டைச் சேர்ந்த சோமாசிபெருமானும் உடனிருந்தனர். ‘சபையோம்’ என்று சபையே பேசுவதால் தன்னாட்சிக் கருத்துக்கு இடமுண்டு என்பது உண்மை. ஆனால் ஓரிரு ஆண்டுக்குள் இருமுறை அரசதிகாரி வந்து அமர்ந்து ஒரே பொருளைத் தீர்மானிக்கச் செய்ததை வெறும் உடனிருப்பாகக் கருத இயலாது. சபை அரசுக்கு இறை செலுத்தும் அமைப்பும் ஆகும். ஊர்க் கணக்குக் குழம்பினால் இறையும் குழம்பும். கணக்கு விதி ஊரின் ஒழுக்க உணர்விலிருந்து மட்டும் முளைத்தது என்பதைவிட, ஊருக்குள் இருந்த பூசலும் மேலிருந்து வந்த அழுத்தமும் சந்தித்த இடத்தில் பிறந்தது என்பதே கல்வெட்டோடு பொருந்துகிறது.

கணக்குக் கேட்கும் உரிமையின் எல்லையையும் குறிக்க வேண்டும். பாண்டிய நாட்டில் ஏறத்தாழ கி.பி. 800ஐச் சேர்ந்த மானூர்க் கல்வெட்டும் சபையில் அமர்வோரின் தகுதியை வரையறுத்தது. எதையும் மறுத்துக் குலைப்பதையே வழக்கமாகக் கொண்டவர்க்கு 5 காசு தண்டமும் விதித்தது. அங்கும் உத்தரமேரூரிலும் சபை என்பது நிலமும் வேதக் கல்வியும் உடைய பிராமண ஆடவரின் அவை. நிலத்தை உழுதவரும், ஏரியில் இறங்கித் தூர் அள்ளியவரும், பெண்களும் கணக்கைக் கேட்கும் இடத்தில் இல்லை. பொறுப்புடைமை இங்கே பங்காளிகளுக்குள் நிலவிய ஒன்று. இதைச் சொல்வது அவ்விதிகளின் கூர்மையைக் குறைக்காது. அவற்றை இன்றைய மக்களாட்சியின் முன்வடிவமாக நிறுத்தும் பழக்கத்துக்குத்தான் இடம் தராது.

விதிகள் நடைமுறையில் எவ்வளவு காலம் நின்றன என்பதற்குச் சான்றுகள் இருதிசையில் இழுக்கின்றன. 949இல் தக்கோலப் போரில் பராந்தகனின் மகன் இராசாதித்தன் வீழ்ந்த பின் தொண்டை மண்டலம் இராட்டிரகூடர் வசமானது. இராட்டிரகூட மன்னன் கன்னரதேவனின் ஆட்சியாண்டு குறித்த கல்வெட்டுகள் உத்தரமேரூரிலேயே காணப்படுகின்றன. ஆணை தந்த அரசகுலம் விலகிய பின்னும் சபை வேலை செய்தது என்பதால், விதியின் வேர் ஊரிலும் இருந்தது என்று சாஸ்திரியாரின் பக்கம் நின்று ஒருவர் வாதிடலாம். மறுபுறம், முதலாம் இராசராசன் காலத்தில் மதுராந்தகன் கண்டராதித்தன் திருவல்லத்தில் வழிபாட்டுப் படிகள் குறைந்திருப்பதைக் கண்டு பொறுப்பாளர்களை விசாரித்த செய்தி, உள்ளூர்க் கண்காணிப்பு தளர்ந்த இடத்தில் அரசின் ஆள் நேரில் வர வேண்டியிருந்ததைக் காட்டுகிறது. உத்தரமேரூரில் கணக்குக் காட்டாதவர் என்று பெயர் சுட்டி ஒருவரையும் அவர் உறவினரையும் விலக்கிய தீர்மானம் கிடைத்தால்தான் இரண்டில் எது அவ்வூருக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியும்.