தேசியக் கொடியை எரிப்பது குற்றமாக இருக்க வேண்டுமா? சட்டம் சொல்வதும் கன்னடக் கொடி எழுப்பிய கேள்வியும்

பெங்களூரு: மகாராஷ்டிர மாநிலம் கோலாப்பூரில் 2021 டிசம்பரில் கன்னடக் கொடி எரிக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக பெங்களூரு சதாசிவநகரில் உள்ள சத்ரபதி சிவாஜி சிலை மீது மை ஊற்றப்பட்டது. பெலகாவியில் சங்கொள்ளி ராயண்ணா சிலை சேதப்படுத்தப்பட்டது. டிசம்பர் 31-ஆம் தேதி மாநிலம் தழுவிய முழு அடைப்புக்கு அழைப்பு விடுத்த கன்னட அமைப்புகள், அப்போதைய முதலமைச்சர் பசவராஜ் பொம்மையுடன் நடத்திய பேச்சுவார்த்தைக்குப் பின்னர் முந்தைய நாள் அதனைக் கைவிட்டன.

எரிக்கப்பட்டது மூவர்ணக் கொடியாக இருந்திருந்தால், அதற்கென்றே ஒரு மத்தியச் சட்டம் உள்ளது. கன்னடக் கொடிக்கு அத்தகைய சட்டம் இல்லை. கொடியை எரிப்பது எப்போது குற்றமாகிறது, அது குற்றமாக இருக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விகளை இந்த வேறுபாடு எழுப்புகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தின் 2-ஆவது பிரிவு, பொது இடத்திலோ பொதுமக்கள் பார்வையில் படும் இடத்திலோ தேசியக் கொடியை அல்லது அரசமைப்புச் சட்டத்தை எரித்தல், சிதைத்தல், மிதித்தல், சொல்லாலோ செயலாலோ அவமதித்தல் ஆகியவற்றைக் குற்றமாக்குகிறது. இதற்கு 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஒருமுறை தண்டிக்கப்பட்டவர் மீண்டும் அதே குற்றத்தைச் செய்தால் குறைந்தது ஓராண்டு சிறை என்பது 2003-இல் சேர்க்கப்பட்டது.

அதே பிரிவு ஒரு விலக்கையும் அளிக்கிறது. சட்டபூர்வ வழியில் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தவோ கொடியை மாற்றவோ வேண்டும் என்ற நோக்குடன் செய்யப்படும் விமர்சனம் குற்றமாகாது.

எரிப்பதையே பரிந்துரைக்கும் விதி

கிழிந்த அல்லது அழுக்கடைந்த கொடியை என்ன செய்வது என்பதற்கு, 2002-ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித் தொகுப்பு விடை தருகிறது. அத்தகைய கொடியைத் தனிமையில், முழுமையாக அழிக்க வேண்டும். அதற்கு எரிப்பதே விரும்பத்தக்க முறை என்கிறது அந்த விதி. கொடியின் கண்ணியத்துக்கு ஏற்ற வேறு முறைகளையும் கையாளலாம்.

வீட்டில் ஏற்றிய கொடி பழுதடைந்தால் அதனைக் குப்பையில் வீசுவதைவிட, மரியாதையுடன் தனிமையில் எரிப்பதே விதிக்கு உகந்தது. ஆக, தீயிடும் செயலைவிட, அது பொதுவெளியில் நிகழ்ந்ததா, அவமதிக்கும் நோக்கம் இருந்ததா என்பவையே முக்கியமாகின்றன.

சென்னை மாகாணத்தின் முன்னோடிச் சட்டம்

இத்தகைய சட்டம் தமிழகத்துக்குப் புதிதன்று. இந்தித் திணிப்பை எதிர்த்து 1955 ஆகஸ்ட் 1 அன்று தேசியக் கொடியை எரிக்கும் போராட்டத்தைப் பெரியார் அறிவித்தார். இந்தி கட்டாயமாக்கப்படாது என முதலமைச்சர் காமராஜர் உறுதியளித்ததை அடுத்து அப்போராட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

சாதியைக் காக்கும் பிரிவுகள் உள்ளதாகக் கூறி, 1957 நவம்பர் 26 அன்று அரசமைப்புச் சட்டத்தை எரிக்கும் போராட்டத்தை அவர் அறிவித்தபோது, சென்னை சட்டமன்றம் அம்மாதமே தனிச் சட்டம் இயற்றியது. ஆயினும் திட்டமிட்டபடி போராட்டம் நடைபெற்று, ஏராளமான திராவிடர் கழகத்தினர் சிறை சென்றனர். நாடாளுமன்றம் மத்தியச் சட்டத்தை நிறைவேற்றியது 14 ஆண்டுகளுக்குப் பிறகே.

நீதிமன்றங்களின் பார்வை

தேசியக் கொடியை மரியாதையுடன் ஏற்றுவது அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவின் கீழ் கருத்து வெளிப்பாட்டு உரிமையில் அடங்கும் என்று நவீன் ஜிந்தால் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த உரிமை நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்றும் கூறியது.

2013-ஆம் ஆண்டு கோவையில் நடந்த கிறிஸ்துமஸ் விழாவில் மூவர்ண இந்திய வரைபடமும் அசோகச் சக்கரமும் வரையப்பட்ட கேக் வெட்டப்பட்டது தொடர்பான வழக்கை, 2021 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அவமதிக்கும் நோக்கம் இல்லாத இடத்தில் குற்றம் இல்லை என்பதே நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய தீர்ப்பின் சாரம்.

கன்னடக் கொடியின் நிலை

மஞ்சள், சிவப்பு நிறக் கன்னடக் கொடியை 1960-களில் உருவாக்கியவர் எழுத்தாளரும் கன்னட இயக்கச் செயல்பாட்டாளருமான ம.ராமமூர்த்தி. நவம்பர் 1 ராஜ்யோத்சவ நாளில் பெங்களூருவின் வீதிகளிலும் ஆட்டோ நிறுத்தங்களிலும் பறப்பது இக்கொடியே. 2018 மார்ச்சில் முதலமைச்சர் சித்தராமையா, நடுவில் வெண்ணிறமும் மாநில முத்திரையும் சேர்த்த புதிய வடிவத்தை வெளியிட்டார். மத்திய அரசின் ஏற்பை அது பெறவில்லை.

எனவே கன்னடக் கொடியை எரிப்பவர் மீது 1971-ஆம் ஆண்டின் சட்டம் பாயாது. மொழி அல்லது வட்டார அடிப்படையில் பிரிவினரிடையே பகைமையைத் தூண்டுவதைத் தடை செய்யும் பிரிவின் கீழ் வழக்குத் தொடரலாம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ பிரிவாக இருந்த அது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆவது பிரிவாகும். அதற்கும் 3 ஆண்டுகள் வரை சிறை உண்டு. ஆனால் பகைமையைத் தூண்டியதை நிறுவ வேண்டும். அவமதிப்பு மட்டும் போதாது.

பிற நாடுகளில்

அமெரிக்காவில், எதிர்ப்பைத் தெரிவிக்கக் கொடியை எரிப்பதும் கருத்துச் சுதந்திரமே என 1989-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. கொடி எரிப்போர் மீது பிற சட்டங்களின் கீழ் வழக்குத் தொடர வலியுறுத்தும் ஆணையில் அதிபர் டிரம்ப் 2025 ஆகஸ்டில் கையெழுத்திட்டார். ஜெர்மனியில் சொந்த நாட்டுக் கொடியை அவமதித்தால் 3 ஆண்டுகள் வரை சிறை உண்டு. டென்மார்க்கிலோ சொந்தக் கொடியை எரிக்கத் தடையில்லை. அயல்நாட்டுக் கொடிகளை அவமதிப்பதே குற்றம்.

இரு தரப்பு வாதங்கள்

கொடியை மதிப்பது 51ஏ பிரிவு வகுத்துள்ள அடிப்படைக் கடமை. விடுதலைப் போராட்டத் தியாகத்தின் சின்னத்தைப் பொதுவெளியில் எரிப்பது பல கோடிப் பேரின் உணர்வைப் புண்படுத்தும். 2021-இல் நிகழ்ந்தது போன்ற பதிலடிகளுக்கும் வித்திடும் என்பது தடையை ஆதரிப்போரின் வாதம்.

எவரையும் காயப்படுத்தாத எதிர்ப்புக்கு 3 ஆண்டு சிறை மிகையானது. வன்முறையையும் பகைமைத் தூண்டலையும் தண்டிக்கப் பிற சட்டங்களே போதும். கேக் வெட்டியவர்கள் விடுபடச் சுமார் 7 ஆண்டுகள் ஆனது போல, நோக்கமற்ற செயல்களும் வழக்கில் சிக்குகின்றன என்பது எதிர்ப்போரின் வாதம்.

நடப்புச் சட்டப்படி, பொதுவெளியில் அவமதிக்கும் நோக்கத்துடன் தேசியக் கொடியை எரிப்பது தண்டனைக்குரிய குற்றமாகும். அதனை மாற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்திடமும், உரிமைகளுக்கு உட்பட்டதா என ஆராயும் அதிகாரம் நீதிமன்றங்களிடமும் உள்ளன.